தாமிரபரணிக் கரையில் சகோதரத்துவம்: உபதேசமும் பந்தியும்

1881 அக்டோபரில் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், கொழும்பிலிருந்து சிங்கள பௌத்தர் சிலரை அழைத்துக்கொண்டு தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிக்கு வந்தார். நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் அவர்கள் ஒரு தென்னங்கன்றை நட்டார்கள். சைவக் கோயிலின் மண்ணில் பௌத்தர் நட்ட அந்தக் கன்று இரு சமயங்களின் நட்புக்கும், கடலால் பிரிந்த இரு மக்களின் உறவுக்கும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆல்காட் 1875இல் நியூயார்க்கில் ஹெலினா பிளாவாட்ஸ்கி முதலானோருடன் சபையை நிறுவியவர்; 1880 மே மாதம் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்று வெளிப்படையாகப் பௌத்தரானவர். இனம், சமயம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடு பாராத மானுட சகோதரத்துவத்துக்கு ஒரு கருவை உருவாக்குவதே சபை பின்னாளில் வரையறுத்துக்கொண்ட முதல் நோக்கம். வெள்ளையர் ஆண்ட நாட்டில், வெள்ளைக்காரர் ஒருவர் இந்து, பௌத்த சமயங்களின் முன் மாணவராக நின்று இதைச் சொன்னது அன்றைய திருநெல்வேலியின் படித்த வகுப்பாருக்குப் பெரும் தன்மானத்தைக் கொடுத்தது. மிஷனரிகளின் கண்டனங்களைக் கேட்டுக் கூனிப்போயிருந்தவர்கள் நிமிர்ந்து நிற்க அது உதவியது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால் அந்தத் தென்னங்கன்று நடப்பட்ட ஆண்டில், கோயிலைச் சுற்றி வாழ்ந்த மக்களில் பெரும்பகுதியினர் உள்ளே சென்று வழிபட முடியாத நிலையில் இருந்தார்கள். நாடார்களுக்கும் தலித் மக்களுக்கும் ஆகமக் கோயில்களின் கதவு அடைத்தே இருந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி எரிந்தது. அன்று அது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கடல் கடந்து வந்த வேற்றுச் சமயத்தார் கோயில் மண்ணில் மரம் நட முடிந்தது. அந்த மண்ணை உழுதவர்கள் அங்கே கும்பிட முடியவில்லை. இது ஆல்காட்டின் குற்றமன்று. ஆயினும் அது ஒரு கேள்வியை எழுப்புகிறது: எல்லா மனிதரும் ஒன்று என்ற ஆன்மிக உபதேசம் பக்கத்திலிருக்கும் மனிதரை எட்டாமலே எப்படி இத்தனை பரந்ததாக இருக்க முடிந்தது? தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாறு இதற்கு ஒரு விடையைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருமையைப் பற்றிய மறைஞானம் தானாக யாரையும் சமமாக்குவதில்லை. சோறு, தண்ணீர், வாசல், பள்ளி என்ற நான்கில் ஒன்றையாவது அது திறந்துவிடும்போதுதான் சகோதரத்துவம் என்ற பெயருக்கு உரியதாகிறது. அப்படித் திறக்காத உபதேசம், ஒருமையைப் பேசிக்கொண்டே புதிய ஏணிகளைக் கட்டி எழுப்புகிறது.

பிரம்மஞானத்தின் ஈர்ப்பு எத்தகையது என்பதைத் திருநெல்வேலியில் பதிவாளராக இருந்த எஸ். ராமசாமி ஐயரின் கதை காட்டும். சபையில் சேர்ந்த அவர், இமயத்துக்கு அப்பால் வாழ்வதாக பிளாவாட்ஸ்கி சொன்ன மகாத்மாக்களில் ஒருவரைத் தம் குருவாக வரித்தார். 1882இல் டார்ஜிலிங் சென்று, அங்கிருந்து தனியே சிக்கிமுக்குள் நடந்து, குதிரையில் வந்த குருவை நேரில் கண்டு பேசியதாக எழுதினார். அந்தக் கடிதம் அவ்வாண்டு டிசம்பரில் சபையின் மாத இதழான ‘தியாசபிஸ்ட்’டில் வெளிவந்தது. மகாத்மாக்கள் உண்மையா என்பது இங்கே நம் கேள்வியன்று. ஆச்சாரமான சூழலில் வளர்ந்த ஓர் அதிகாரி, தன் சாதி, மடம், ஊர் எல்லாவற்றுக்கும் வெளியே, மொழியும் வாழ்க்கைமுறையும் வேறான ஒருவரைக் குருவாகத் தேடி மலை ஏறினார் என்பது சிறிய செய்தியன்று. உபதேசம் அவருடைய மனத்தில் ஓர் எல்லையை உடைத்திருக்கிறது. ஆனால் எந்த எல்லை என்று பார்க்க வேண்டும். எட்டாத தூரத்தில் இருக்கும் அந்நியரைச் சகோதரராக ஏற்பதற்கு அன்றாட வாழ்வில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த தெருக்காரரைச் சகோதரராக ஏற்பதற்குத்தான் வீட்டுப் பந்தியையும் ஊர்க் கிணற்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மறைஞான சகோதரத்துவம் முதலாவதை எளிதாகக் கொடுத்தது, இரண்டாவதைக் கேட்கவில்லை.

கேட்காமல் போனதற்குக் கோட்பாட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. 1888இல் வெளிவந்த பிளாவாட்ஸ்கியின் ‘இரகசியக் கோட்பாடு’ மனிதகுலத்தின் கதையை ஏழு மூல இனங்களின் வரிசையாகச் சொல்கிறது. மூன்றாவது இனம் லெமூரியாவில் வாழ்ந்தது, நான்காவது அட்லாண்டிசில், இன்று முன்நடத்துவது ஐந்தாவதான ஆரிய இனம். எல்லா உயிரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால் எல்லாரும் சகோதரர். ஆனால் சிலர் மூத்தவர், சிலர் இளையவர், சிலர் மறைந்துகொண்டிருக்கும் இனத்தின் மிச்சம். ஒருமை தோற்றத்திலும் முடிவிலும் இருக்கிறது. நாம் வாழும் இடைக்காலத்திலோ ஏற்றத்தாழ்வு ஆட்சி செய்கிறது. விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த லெமூரியா என்ற நிலப்பகுதியை பிளாவாட்ஸ்கி ஆன்மிக வரலாறாக மாற்றினார். பின்னர் தமிழ் எழுத்தாளர்கள் அதைக் கடல்கொண்ட குமரிக் கண்டமாகக் கண்டு பெருமைகொண்டார்கள். பெருமையின் தாபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த ஏணியில் லெமூரியருக்குக் கொடுக்கப்பட்ட இடம் கீழ்ப்படி என்பதைக் கவனித்தால், இரவல் வாங்கிய பெருமைக்குள் ஒரு தாழ்வும் ஒளிந்திருந்தது தெரியும்.

இன ஏணியைச் சோதித்துப் பார்க்கத் தாமிரபரணியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆற்றின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் முதலில் தோண்டினார்; நூற்றாண்டின் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீ பெருமளவில் அகழாய்வு செய்தார். தாழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளை எலியட் ஸ்மித்தும் சுக்கர்மனும் அளந்தார்கள். சுக்கர்மனின் அறிக்கை 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. ஒரே இடுகாட்டில், ஒரே வகைத் தாழிகளில் புதைக்கப்பட்டவர்களை அந்த அளவைகள் வெவ்வேறு ‘இனங்களோடு’ இணைத்தன. அங்கே புதைந்தவர்கள் தங்களை ஒரே சமூகமாக எண்ணியிருந்தால், அளவுகோலே அவர்களைப் பிரித்தது என்று ஆகிறது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து மனிதகுலத்தைத் தரம் பிரிக்கும் அறிவியலுக்கு அடித்தளம் இல்லை என்பதை 1950இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை முதல் இன்றைய மரபணு ஆய்வு வரை சொல்லிவருகின்றன. மூல இனக் கோட்பாடு தன் காலத்து இன அறிவியலிலிருந்து கடன் வாங்கியது. கடன் கொடுத்தவரே திவாலான பின், ஆன்மிக மொழியில் அதைத் தொடர்ந்து புழங்குவதற்கு நியாயம் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிரம்மஞானியர் பேச்சோடு நின்றார்களா? ஆல்காட் 1894இல் அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மேலும் சில பள்ளிகளை எழுப்பினார். ‘ஏழைப் பறையர்’ என்ற பொருள்படும் சிறுநூலை எழுதி நிதி திரட்டினார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தை நாடியபோது இலங்கைக்கு வழிகாட்டியவரும் அவரே. இவை மறுக்க முடியாத தொண்டுகள். ஆனால் இவை என் வாதத்தை மறுக்கவில்லை; உறுதிசெய்கின்றன. ஆல்காட்டின் சகோதரத்துவம் நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் அடையாளமாக இருந்தது. அடையாற்றுப் பள்ளியில் செயலாயிற்று. அதே கோட்பாட்டை ஏற்ற அன்னி பெசன்ட் அம்மையார், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் உயர்வு பற்றி 1909இல் ‘இந்தியன் ரிவியூ’வில் எழுதிய கட்டுரையில், அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று சுத்தத்தைக் காரணம் காட்டி வாதிட்டார். பிற்காலத்தில் அம்பேத்கர் தம் நூலில் அதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். ஒரே உபதேசம், ஒருவரை அது பள்ளி திறக்கவைத்தது, இன்னொருவரைக் கதவைச் சாத்தவைத்தது. அப்படியானால் விளைவைத் தீர்மானித்தது உபதேசமன்று.

‘ஞானத்தின் படி வேறு, பிறப்பின் படி வேறு, குரு-சீடன் என்ற வேறுபாடு சாதி வேறுபாடு ஆகாது’ என்பது இரண்டாவது மறுப்பு. கொள்கையளவில் இது சரி. எந்தக் கல்வியிலும் முன்னே சென்றவரும் பின்னே வருபவரும் உண்டு. ஆனால் கர்மமும் மறுபிறப்பும் சேரும்போது அந்த இரண்டு படிகளும் ஒன்றாகிவிடுகின்றன: தாழ்ந்த பிறப்பே முதிராத ஆன்மாவின் சான்று என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. 1890களில் பெசன்ட் நால்வருணத்தை ஆன்ம வளர்ச்சியின் நிலைகளாக விளக்கினார். பின்னர் சீர்திருத்தத்தின் பக்கம் அவர் நகர்ந்ததையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் அவரை நகர்த்தியது மூல இனங்களின் கணக்கன்று. கண்முன் எழுந்த சமூகத்தின் கோரிக்கை.

இதே ஆற்றங்கரையில், பிரம்மஞான சபைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. திருக்கோளூரில் பிறந்த அந்தணர் மதுரகவி, வடநாட்டு யாத்திரையிலிருந்து ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து திருக்குருகூர் வந்து, வேளாளர் குலத்து இளைஞரான நம்மாழ்வாரின் காலடியில் அமர்ந்தார் என்பது வைணவ மரபின் வரலாறு. தாம் பாடிய ஒரே பிரபந்தத்தை மதுரகவி திருமாலுக்கன்றி நம்மாழ்வாருக்கே பாடினார். இந்த நிகழ்ச்சி தென்கலை மரபுக்கு ஒரு கோட்பாட்டுச் சிக்கலைக் கொடுத்தது. பிள்ளை லோகாசாரியரும் அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் அதை நேர்கொண்டார்கள். அடியாரின் பிறப்பை ஆராய்வது பெரும் அபசாரம் என்று வாதாடினார்கள். அந்நூல்களுக்கு விரிவுரை எழுதிய மணவாள மாமுனிகள், திருக்குருகூராகிய ஆழ்வார்திருநகரியிலேயே 1370இல் பிறந்தவர். இரகசியப் பொருள் விளக்கும் இலக்கியத்துக்குள்ளேயே பிறப்பை மறுக்கும் வாதம் இத்தனை தெளிவாக நடந்திருக்கிறது. இதில் ஓர் உண்மையான துணிவு உண்டு: மதுரகவி குருவைத் தேடி முடிவில் வந்து சேர்ந்தது தொலைவிலுள்ள மலைக்கன்று, தம் சொந்த ஊருக்கு அடுத்த ஊருக்கு. ஆனால் வாதம் அடியாரின் வட்டத்துக்குள் நின்றுவிட்டது. அந்த மரபின் கோயில்களும் 20ஆம் நூற்றாண்டுவரை தலித் மக்களுக்குத் திறக்கவில்லை. உயர்ந்த தத்துவம் கையிலிருந்தும் வாசல் திறக்க 1939இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது.

தெற்கே, நாஞ்சில் நாட்டில், இன்னொரு விதமான தொடக்கம் நடந்தது. 1809இல் பிறந்த ஐயா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் மறுபிறவி எடுத்ததாக அவருடைய மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையும் 1841இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையின் யுகக் கணக்கும் எந்த மறைஞானத்துக்கும் குறையாத ஆழம் கொண்டவை. ஆனால் அவர் தொடங்கிய ஐயா வழி தன் மெய்யைக் கைக்கெட்டும் பொருள்களில் எழுதியது. முத்திரிக் கிணற்றில் வேற்றுமையின்றி எல்லாரும் தண்ணீர் எடுத்தார்கள். துவையல் தவசில் குடும்பங்கள் ஒன்றாகத் தங்கித் துவைத்து, குளித்து, ஒரு பந்தியில் உண்டன. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டியே கும்பிட்டார்கள். வழிபாட்டிடங்களான பதிகளின் பள்ளியறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி இருந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையிலிட்டதற்குக் காரணம் இருந்தது: கிணறும் தலைப்பாகையும் அரசின் ஒழுங்கைத் தொட்டன. சிறு வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்கள் திருநெல்வேலியின் தென்பகுதி முழுதும் பரவின. ஐயா வழி பெரும்பாலும் ஒரே சமூகத்தாரிடையே வேரூன்றியது என்று ஆய்வாளர் சொல்வதுண்டு. அது உண்மை. ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவைத்த பந்திக்கு மேல்சாதியார் வரவில்லை என்றால், குறை திறந்தவரிடமா, வராதவரிடமா என்று கேட்க வேண்டும்.

பந்தியே உரைகல் என்பது மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் சேரன்மாதேவி. புரட்சியாளரும், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான வ.வே.சு. ஐயர், 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய தமிழ் குருகுலம் பின்னர் சேரன்மாதேவிக்கு மாறியது. உடலுழைப்பு, தமிழ், நாட்டுப்பற்று மூன்றையும் இணைத்துப் புதிய மனிதரை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி நிதி கொடுத்தது. பல சாதியாரும் நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கின்படி பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. 1924-25இல் இது வெளிவந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தி ஒரு சமரசம் சொன்னார். அது யாருக்கும் போதவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். தமிழக அரசியல் திசை மாறியது.

ஐயர் சாதி வெறியர் அல்லர். தாம் எல்லாரோடும் உண்டவர். ‘இரண்டு பிள்ளைகளுக்காகவா இத்தனை புயல்?’ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். இரண்டே பிள்ளைகள் என்பதுதான் விஷயத்தின் கனம். ஒரு நிறுவனம் தன் எல்லா மாணவரையும் சகோதரர் என்று அழைத்துவிட்டு, இரண்டு இலைகளைத் தள்ளிப் போட்டால், எஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் கற்றுக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். வகுப்பறையில் கேட்ட பாடத்தை அது அழித்துவிடுகிறது. தலைவரின் தனிப்பட்ட பரந்த மனம் அதை ஈடுசெய்யாது. அந்த மனம் மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, இலை தெரிகிறது. மறைஞான சகோதரத்துவம் சறுக்கும் இடமும் இதுவே. உள்ளத்தின் ஒருமையைப் போதுமென்று எண்ணி, புறத்தின் பிரிவை வழக்கம் என்று விட்டுவிடுகிறது.

அந்தப் பிழையை உள்ளிருந்தே கண்டவர் பாரதி. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் கடையத்தில் வாழ்ந்த அவர், எல்லா உயிரிலும் ஒரே பொருளைக் கண்ட வேதாந்தி. மறைஞானத்தின் பகைவர் அல்லர். ஆனால் குரு பீடங்களின் ஆரவாரத்தை, 1914இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பொன்வால் நரி’ என்ற உருவகக் கதையில் சாடினார். 1913இல் புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குத் தம் கையால் பூணூல் அணிவித்தார். பூணூலே ஏற்றத்தாழ்வின் சின்னம், அதைப் பகிர்ந்தால் சமத்துவம் வராது என்ற விமர்சனம் நியாயமானது. எனினும் அந்தச் செயல் ஓர் உண்மையை உணர்ந்திருந்தது: அத்வைதம் உடலைத் தொட வேண்டும், தொடாவிட்டால் அது பேச்சு.

கடைசி மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கதவைத் திறந்தவை சட்டமும் போராட்டமும் என்றால், ஆன்மிக உபதேசத்துக்கு இங்கே என்ன வேலை? நாத்திகரான பெரியார் கேட்டதை ஞானிகள் கேட்கவில்லையே? இந்த மறுப்பில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ஒருவரை வாசலில் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கும். பக்கத்தில் வந்து உட்காருபவரை உள்ளன்போடு வரவேற்கச் சட்டத்தால் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். மணவாள மாமுனிகளின் சீடர் வழியில் வந்த வானமாமலை மடம் இருக்கும் ஊர் அது. அடியாரின் பிறப்பை ஆராயாதே என்று சொன்ன மரபு, அந்த ஊரின் பள்ளிக்கூடத்தை எட்டவில்லை. நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் அடையாளங்களையும் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்க அரசாணை போதும். கயிறு கட்டத் தோன்றாத மனத்தை வளர்க்க, மனிதன் எதனால் மனிதன் என்ற ஆழமான போதனை வேண்டும். அங்கே நம்மாழ்வாரும் ஐயா வைகுண்டரும் பாரதியும் வேண்டும். இன ஏணியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தால் ஆல்காட்டும் வேண்டும்.

1956இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைப் பாரதியின் எட்டயபுரத்தில் தொடங்கினார். அதன் நோக்கம் பசியைத் தீர்ப்பது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது. ஆனால் சேரன்மாதேவியில் தோற்றுப்போன பந்தியை, அன்று அதே மாவட்டத்தில் இருந்த ஊரில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வரிசையில் அமர்த்தி, அரசு மீண்டும் விரித்தது. எந்தத் தத்துவமும் பேசாமல் அது செய்த வேலை, பல தத்துவங்கள் செய்யாதது. ஆன்மிக நிறுவனங்களை இனி நாம் அளக்க வேண்டிய அளவு இதுவே: எத்தனை யுகங்களின் இரகசியம் அவற்றிடம் இருக்கிறது என்பதன்று, அவற்றின் சமையலறையில் யார் சமைக்கிறார்கள், பந்தியில் யார் பக்கத்தில் யார் அமர்கிறார்கள், கருவறை வரை யார் போகிறார்கள், பள்ளியில் யாருடைய பிள்ளை படிக்கிறது என்பதே. இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிந்த உபதேசம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அது நம்முடையது. விடை சொல்ல முடியாதது, பொதிகையில் பிறந்திருந்தாலும், இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.